கொல்லையில் நிற்பது ஈச்சை இல்லை, தென்னையின் பங்காளி

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் கொல்லையோடு சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். கொல்லையில் ஆறு தென்னை, ஒரு மா, அப்புறம் கிணற்றோரம் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மரம். தூரத்திலிருந்து பார்த்தால் தென்னை மாதிரி இருக்கிறது, கிட்டே போனால் மட்டையில் முள். பழைய மட்டைகளின் அடி விழாமல் செதில் செதிலாக மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த இடுக்கில் பெரணியும் ஒரு அரசங்கன்றும் முளைத்திருக்கின்றன, மட்டைகளுக்கு நடுவில் கறுப்பும் சிவப்புமாகப் பந்து போல ஒரு குலை. பக்கத்து வீட்டுப் பெரியவர் காட்டு ஈச்சை என்கிறார். கைபேசிச் செயலி கானரித் தீவுப் பேரீச்சை என்று காட்டுகிறது. தேங்காய் பறிக்க வந்தவரோ "மலட்டுத் தென்னைங்க, வெட்டிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழத்தைக் கடித்துப் பார்த்தால் இனிப்பே இல்லை, நாரும் பிசுக்கும்தான். இது என்ன மரம், பழம் விஷமா, வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அது எண்ணெய்ப் பனை. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குகிறோமே பாமாயில், அது வருகிற மரம் இதுதான். பழம் விஷமில்லை, கவலைப்பட வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில் அதை வேகவைத்து இடித்துக் குழம்பே வைப்பார்கள். ஆனால் பச்சையாகக் கடித்துத் தின்கிற பழம் இல்லை, நீங்கள் உணர்ந்த பிசுக்குதான் எண்ணெய்.

ஒரே ஒரு படத்தை வைத்து இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறான் என்று தோன்றலாம். உண்மையில் உங்கள் படத்தால் எனக்குப் பெரிய உபயோகம் இல்லை. எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள், தள்ளி நின்று மரம் முழுவதும் வருகிற மாதிரி எடுத்திருக்கிறீர்கள். பனைக் குடும்பத்து மரங்களை அப்படிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒன்றுபோலத்தான் தெரியும், செயலி ஏமாறுவதும் அதனால்தான். அதற்குக் கிடைத்ததெல்லாம் தடித்த மரம், செதில், மேலே குடை மாதிரி விரிந்த கொண்டை, கானரிப் பேரீச்சைக்கும் அதேதான் அடையாளம். எனக்குச் சந்தேகத்தைத் தீர்த்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "சில மாதங்களில் பழத்துக்குப் பதிலாக விரல் விரலாக ஏதோ பூக்கிறது, கிட்டே போனால் சோம்பு வாசனை வருகிறது, கடுகளவு பூச்சிகள் மொய்க்கின்றன."

சோம்பு வாசனை எண்ணெய்ப் பனையின் ஆண் பூங்கொத்துக்கு உரியது. ஈச்சையில் ஆண்மரம் தனி, பெண்மரம் தனி, நம் பனையைப் போல. தென்னையில் ஒரே பாளைக்குள் ஆண்பூவும் பெண்பூவும் சேர்ந்தே இருக்கும். எண்ணெய்ப் பனை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறது, ஒரே மரம் சில மாதங்கள் ஆண் பூங்கொத்தாகத் தள்ளும், அப்புறம் சில மாதங்கள் பெண் பூங்கொத்தாகத் தள்ளும். நீங்கள் பார்த்த விரல்கள் ஆண் கொத்து, பந்து பெண் கொத்து பழுத்தது. மொய்க்கிற பூச்சியும் சும்மா வந்ததில்லை. எலெய்டோபியஸ் என்ற சின்னக் கூன்வண்டு அது, எண்ணெய்ப் பனையின் ஆண் பூவிலேயே முட்டையிட்டு அங்கேயே வளர்வது, அந்த வாசனைதான் அதைக் கூப்பிடுகிறது. மலேசியாவில் பல வருஷங்கள் இந்த மரத்துக்குக் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள், 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்தக் கூலி மிச்சமானது. மரத்தை மட்டும் கொண்டுபோய் நட்டார்கள், அதன் பூச்சியை ஊரிலேயே விட்டுவிட்டார்கள், விஷயம் புரிய அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சரி, என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், நீங்களே கொல்லைக்குப் போய்ப் பாருங்கள். காய்ந்து கீழே விழுந்த மட்டை ஒன்று கிடந்தால் போதும், ஏற வேண்டியதில்லை.

மட்டையின் இரண்டு பக்கமும் இருக்கிற ஓலைகளில் ஒன்றைப் பிடித்து, அது நடு ஈர்க்கில் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று பாருங்கள். ஓலை மட்டையோடு சேரும் அடிப்பாகத்தில்தான் இது தெளிவாகத் தெரியும், நுனியில் தெரியாது. ஈச்சை என்றால் ஓலையின் இரண்டு விளிம்பும் மேலே தூக்கி நடு பள்ளமாக இருக்கும், வாய்க்கால் மாதிரி, மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி ஓடும். தென்னை, பாக்கு, எண்ணெய்ப் பனை என்றால் நடு ஈர்க்கு மேட்டில் இருக்க இரண்டு விளிம்பும் கீழே சரிந்திருக்கும், வீட்டுக் கூரை மாதிரி, தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். வாய்க்காலா கூரையா, இது ஒன்று போதும். நம் பக்கம் பார்க்கிற இறகு ஓலை மரங்களில் வாய்க்கால் மடிப்பு என்பது ஈச்சை வகைகளுக்கும் கூந்தல் பனைக்கும்தான். கூந்தல் பனையின் ஓலை மீன்வால் மாதிரி கிழிந்திருக்கும், அதை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. (அதன் பழம் தோலில் பட்டால் நமைச்சல் பிடுங்கியெடுக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் கவனம். உங்களுடையது அது இல்லை.) உங்கள் மரத்து ஓலை வாய்க்காலாக இருந்தால் நான் சொன்னதெல்லாம் தப்பு, பெரியவர் சொன்னதே சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முள்ளையும் ஒரு தடவை பாருங்கள். ஈச்சையில் மட்டையின் அடிப்பக்கத்து ஓலைகளே முள்ளாக மாறிவிடும், நீளமாக, நேராக, கோணி ஊசி மாதிரி, குத்தினால் உள்ளே இறங்கும். எண்ணெய்ப் பனையில் காம்பின் இரண்டு விளிம்பிலும் குட்டையான கொக்கிப் பற்கள், பனங்கருக்கைக் கொஞ்சம் பெரிதாக்கி முரட்டுத்தனமாகச் செய்து வைத்த மாதிரி. குத்துவதைவிடக் கிழிப்பதுதான் அதிகம். அப்புறம் தென்னை ஓலையெல்லாம் ஒரே மட்டத்தில் சீவி விட்ட தலை மாதிரி ஒழுங்காக நிற்கும், இதில் ஒன்று மேலே பார்க்கும், அடுத்தது கீழே பார்க்கும், தூங்கி எழுந்த தலை மாதிரி கலைந்திருக்கும். தெரிந்தவர்கள் ரோட்டிலிருந்தே இதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது பழத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ருசி. குலை பேரீச்சைபோல நீளக் காம்பில் வெளியே தொங்காது. மட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் அக்குளில் இடுக்கின மாதிரி உட்கார்ந்திருக்கும், பழங்களுக்கு நடுவே முள் வேறு நீட்டிக்கொண்டிருக்கும், வெறும் கையால் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு பழத்தை எடுத்துச் சதையை எல்லாம் சுரண்டிவிட்டுக் கொட்டையைக் கழுவிப் பாருங்கள். ஈச்சங்கொட்டை என்றால் ஒரு பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு ஓடும், நாம் பேரீச்சம்பழம் தின்று துப்புகிற கொட்டையில் பார்ப்பதுதான். எண்ணெய்ப் பனைக் கொட்டையோ கறுப்பாக, கெட்டியாக இருக்கும், ஒரு முனையில் சின்னதாக மூன்று துளைகள். தேங்காயின் மூன்று கண்! தேங்காய் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. தாவரவியலில் இரண்டையும் ஒரே பிரிவில் வைத்திருப்பதும் தற்செயல் இல்லை, ஆகவே பறிக்க வந்தவர் "தென்னை" என்று சொன்னது ஒரு வகையில் பாதி உண்மை. பங்காளி வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அதே ஜாடை என்று சொல்வோமே, அந்த மாதிரி. மலடு என்றது மட்டும் சுத்தத் தப்பு, பந்து பந்தாகக் காய்க்கிற மரத்தைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது.

அப்புறம் இன்னொரு பழத்தைக் கொட்டையோடு சேர்த்துக் குறுக்கே வெட்டுங்கள், சுத்தியலும் வெட்டுக்கத்தியும் வேண்டியிருக்கும், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஆரஞ்சு நிறச் சதை, நடுவே ஓடு, உள்ளே வெள்ளைப் பருப்பு. பாமாயில் அந்தச் சதையிலிருந்து வருவது, பருப்பிலிருந்து வருவது வேறு எண்ணெய், அது சோப்புக்குப் போகிறது. ஓடு தடிப்பாக இருந்தால் அந்த வகைக்கு டூரா என்று பெயர். மெல்லிய ஓடு, அதைச் சுற்றிச் சதைக்குள் கறுப்புப் புள்ளிகளாக ஒரு நார் வளையம் என்றால் டெனரா. தோட்டம் போடுபவர்களுக்கு நாற்றங்காலில் கொடுக்கும் கன்றெல்லாம் டெனராதான், தடித்த ஓட்டு வகையையும் ஓடே இல்லாத பிசிபெரா என்ற வகையையும் கலந்து எடுப்பது. இந்த ஓட்டுக் கணக்கு ஒரே ஒரு மரபணுவில் நடக்கிறது என்பதை 1941-ல் அன்றைய பெல்ஜியக் காங்கோவில் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு இந்தப் பயிரே வேறு பயிர் ஆகிவிட்டது. உங்களுக்கு இது எதற்கு என்றால், மரம் எப்படி அங்கே வந்தது என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு இது ஒரு தடயம். ஓடு தடிப்பாக இருந்தால் யாரோ எங்கிருந்தோ கொட்டை கொண்டுவந்து போட்டது, அல்லது காக்கை கொண்டுவந்து போட்டது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். மெல்லியதாக இருந்தால் நாற்றங்கால் கன்றாக இருக்க வாய்ப்பு. நம் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கமும் அரசு ஊக்கம் கொடுத்துச் சில விவசாயிகள் எண்ணெய்ப் பனை வைத்தார்கள், மிஞ்சின கன்றில் ஒன்று உங்கள் கிணற்றோரம் வந்து சேர்ந்திருக்கலாம்.

வயது கேட்டிருந்தீர்கள். அடியிலிருந்து முதல் மட்டை வரை 12 அடி இருக்கும் என்கிறீர்கள். இந்த மரம் முதல் மூன்று நான்கு வருஷம் உயரமே போடாமல் தரையோடு தடித்துக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்று முதல் இரண்டு அடி. ஆக, பத்துக்குக் குறையாது, பதினைந்தை ஒட்டி இருக்கலாம். அப்படியென்றால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அது நட்டு நின்றிருக்கிறது, அப்போது குட்டையாக இருந்ததால் தப்பித்திருக்கும்.

இந்த அடையாள விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் சொந்தமாகப் பட்ட அடி. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் "பாட்டில் பாம் சார், ஆளுயரத்துக்கு மேலே போகாது" என்று சொல்லி ஒரு கன்றைக் கொடுத்தார்கள், அடி பருத்துப் பாட்டில் மாதிரியே இருந்தது, நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி மதில் ஓரம் வைத்தேன். அது ராயல் பாம். சின்ன வயதில் அதுவும் அடிபருத்துத்தான் இருக்கும். நிஜமான பாட்டில் பாம் மொரீஷியஸ் பக்கத்து மரம், எப்போது பார்த்தாலும் தலையில் ஐந்தாறு மட்டைக்கு மேல் இருக்காது, எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் வைத்தது எட்டு வருஷத்தில் மாடியைத் தாண்டியது. ஒரு மட்டை விழுந்தால் பத்துப் பதினைந்து கிலோ தேறும், பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை இரண்டு தடவை போனது. காசு கொடுத்தேன், பேச்சும் வாங்கினேன். அதிலிருந்து எந்த மரத்தையும் மட்டை சேருகிற இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்காமல் பெயர் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இதன் பெயர் தெரியாமல் போனது எனக்கு ஆச்சரியம்தான், ஏனென்றால் நம் ஆட்களுக்கு இந்த மரம் புதிதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் இதன் அடியில்தான் வேலை பார்த்தார்கள். அங்கே தமிழில் இதற்குப் பெயர் செம்பனை, இன்றைக்கும் மலேசியத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், எண்ணெய்ப் பனையைவிட நல்ல பெயர் என்பது என் கட்சி. 1848-ல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நான்கே நான்கு கன்றுகளை நட்டு ஆரம்பித்த வம்சம் அந்தப் பக்கமெல்லாம் பரவியது. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதலில் நட்டது 1917-ல், சிலாங்கூரில் ஒரு எஸ்டேட்டில். அந்த எஸ்டேட்டின் பெயர் என்ன தெரியுமா, தென்னமரம். உங்கள் ஊரில் மலேசியாவில் இருந்துவிட்டு வந்த வயதானவர் யாராவது இருந்தால் கொல்லைக்குக் கூட்டிவந்து காட்டுங்கள், பார்த்தவுடன் சொல்வார்.

இனி வெட்டுவதா வைப்பதா. பணத்துக்காக வைக்க நினைத்தால் வேண்டாம். பறித்த குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் வேகவைக்க வேண்டும், தள்ளிப்போனால் எண்ணெய் புளித்துத் தரம் கெட்டுவிடும், ஒற்றை மரத்துக் குலையை வாங்க யாரும் லாரி அனுப்ப மாட்டார்கள். ஆசைக்கு ஒரு தடவை வீட்டிலேயே எடுத்துப் பார்க்கலாம்: பழத்தை உதிர்த்து நன்றாக வேகவைத்து, உரலில் இடித்து, வெந்நீரில் கரைத்து, மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து, தண்ணீர் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும். குங்குமம் கரைத்த மாதிரி சிவப்பாக இருக்கும், கேரட்டில் இருக்கிற அதே கரோட்டின்தான் அந்த நிறம். கடையில் வருவது சுத்திகரித்து நிறத்தை நீக்கியது. வேட்டியில் சொட்டினால் வேட்டி போச்சு.

தண்ணீர் விஷயத்தில் இது பேராசைக்காரன். கோடையில் நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் கேட்கிற மரம். கிணற்றோரம் இருப்பதால் உங்களுக்கு அது தெரியவில்லை, கடைமடையில் இதை யாரும் ஆசைப்பட்டு வைக்க வேண்டாம். வேர் சல்லிவேர்தான், ஆல அரசு மாதிரி கிணற்றுச் சுவரைப் பிளக்காது. ஆனால் அந்த இடுக்கில் முளைத்திருக்கிற அரசங்கன்றை இந்த வாரமே பிடுங்கிவிடுங்கள், கிணற்றுக்கு ஆபத்து பனையால் இல்லை, அந்தக் கன்றால். பழம் உதிர்ந்தால் எலியும் பெருச்சாளியும் வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும், அதனால் குலை பழுத்தவுடன், பத்துப் பழம் உதிர்ந்ததுமே வெட்டி இறக்கிவிடுவது நல்லது.

எனக்கு உண்மையான கவலை உங்கள் ஆறு தென்னைகள்தான். தென்னைக்கு வருகிற காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு இரண்டும் இதற்கும் வரும், இங்கே தங்கி அங்கே போகும். விரிந்த மட்டையில் விசிறியைக் கத்தரித்த மாதிரி வெட்டுத் தெரிந்தால் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்திருக்கிறது என்று அர்த்தம். வேப்பங்கொட்டைத் தூளும் அதற்கு இரண்டு பங்கு மணலும் கலந்து மேல் மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள், எருக்குழியை அப்பப்போ கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். இன்னொன்று அடித்தண்டு அழுகல். 1952-ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் முதலில் கண்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் வாங்கிவிட்ட நோய். கானோடெர்மா என்ற பூஞ்சையால் வருவது, அதே இனத்துப் பூஞ்சைதான் மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களை வாரிக்கொண்டு போகிறது. ஆகவே ஆறு தென்னையின் அடியையும் இதன் அடியையும் சுற்றிப் பாருங்கள், செம்பழுப்பாகச் சாறு வடிகிறதா, மரப்பலகை மாதிரி காளான் நீட்டியிருக்கிறதா என்று. எதுவும் இல்லையென்றால் மரத்துக்கு வருஷம் ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

நானாக இருந்தால் வைத்துக்கொள்வேன். ஊரில் நூறு தென்னை இருக்கும், இது ஒன்றுதான் இருக்கும். கிணற்றுக்குப் போகிற வழியில் குறுக்கே வருகிற கீழ் மட்டைகளை மட்டும் அடியோடு வெட்டிவிடுங்கள், பச்சை மட்டைகளை மொட்டையடிக்க வேண்டாம். மனசு ஒப்பாமல் வெட்டுவதாக முடிவெடுத்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும், பனை மாதிரி வைரம் பாய்கிற மரம் இல்லை இது, உத்திரத்துக்கும் ஆகாது, வாய்க்கால் பாலத்துக்கும் ஆகாது. வெட்டி ஓரமாகப் போட்டால் ஆறு மாதத்தில் உள்ளே மக்கி காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஆகிவிடும். கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைகளை அப்படியே விட்டுவைத்த தோப்புகளில் வண்டு எப்படிப் பெருகியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். துண்டு போட்டுப் பிளந்து காயவைத்து எரித்துவிட வேண்டும், கட்டையையும் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

எதற்கும் கோடரியை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பழத்தைக் குறுக்கே வெட்டி ஒரு படம் அனுப்புங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. ஓட்டின் தடிப்பைப் பார்த்தால் காக்கை வைத்ததா மனிதர் வைத்ததா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுகிறேன்.